இரண்டாவது அடி

கணுக்காலைப் பிடித்த கைகளை உதறிவிட்டு, வயிற்றால் ஊர்ந்து, நடுக்கோட்டைத் தொட்டாள் இசக்கி. கடைசிக் 'கபடி' இருமலோடுதான் வெளியே வந்தது. நடுவர் ஒற்றை விரலை உயர்த்தினார். ஒரே ஒரு புள்ளி.

அடுத்து வந்த கொங்கு அணிக்காரி எதையும் தொடவில்லை. கோட்டோரம் பாடிக்கொண்டே உலாத்திவிட்டுத் திரும்பினாள். ஒரு புள்ளி முன்னால் இருப்பவர்களுக்கு நேரம் கழிந்தால் போதாதா?

இறுதிப் போட்டி. கடைசி ரெய்டு. அது இசக்கியுடையது. எதிரே மூன்று பேர். இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பினால் கோப்பை தூத்துக்குடிக்கு.

பயிற்சியாளர் எஸ்தர் அவகாசம் கேட்டார். இசக்கி ஓரத்துக்கு வந்தபோது அவர் முகம் கடுகடுவென்றிருந்தது.

"ஏட்டி, பட்டை அடிச்சுதா இல்லியா?"

"அடிச்சுது டீச்சர்."

"பொறவு?"

"வலிக்கல."

இந்தக் காலத்தில் ஒரு வீராங்கனை சொல்லவே கூடாத வார்த்தை அது.

விளையாட்டுப் படங்களின் கடைசி இருபது நிமிடத்தில் ஊரே ஏன் அழுகிறது என்று ஆராயப் போனவர்கள் கண்டுபிடித்ததுதான் பின்காட்சிப் பட்டை. தோற்கப்போகும் கணத்தில் நாயகனுக்குப் பழைய அவமானம் ஒன்று நினைவுக்கு வரும், அவன் எழுந்துவிடுவான். அது வெறும் சினிமா இல்லை, உடம்பு உண்மையிலேயே அப்படித்தான் வேலை செய்கிறது என்று நிரூபித்தார்கள். பிடரியில் ஒட்டிய பட்டை, தசைகள் தளரும் நொடியில் அந்த நினைவை மூளைக்குள் ஓட்டும். சில மூச்சு நேரத்துக்கு உடம்பில் யானை பலம்.

அன்றோடு மைதானம் மாறிப்போனது. அணித் தேர்வில் ஓட்டத்தை அளப்பதற்கு முன் வடுமானியை வைத்து மனதின் வடுவை அளந்தார்கள். செல்லமாக வளர்ந்த பிள்ளைகள் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனார்கள். சென்னை அடுக்கு வீடுகளில் குழந்தையைத் திட்டச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். பயனில்லை. அது ஏற்பாடு என்று பிள்ளைக்குத் தெரிந்த கணமே வலி செத்துவிடும். விளையாட்டுப் படங்களும் ஓடவில்லை. மைதானத்திலேயே அசல் கிடைக்கும்போது நகலுக்கு யார் வருவார்கள்? படம் எடுத்தவர்கள் அணிக்கு ஒருவராகக் காட்சியாளர் வேலையில் சேர்ந்தார்கள், நினைவை வெட்டி ஒட்டிக் கூர்மையாக்குவதற்கு.

தூத்துக்குடிக்கு வாய்த்தவர் தியாகு. ஒரு காலத்தில் மூன்று வெற்றிப் படம் கொடுத்த இயக்குநர். மடியில் பலகைக் கணினியோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், அந்தக் காட்சிய நல்லாத் தெறந்து விடுங்க," என்றார் எஸ்தர். "அப்பன் மூஞ்சிய மட்டும் எத்தன வருசம் காட்டுவீங்க? முழுசாக் காட்டுங்க."

"வேணாம் டீச்சர். முழு ஃப்ரேமையும் திறந்தா ஓரமெல்லாம் தெரியும். கவனம் சிதறும்."

"ஓரத்துல என்ன இருக்கு? மழைதான? பெய்யட்டும்."

"நான் சொல்றதக் கேளுங்க, அது..."

"கோப்பை போச்சுன்னா நீங்களும் நானும் சேந்துதான் வீட்டுக்குப் போவோம். தெறங்க."

தியாகு இசக்கியை ஒரு முறை பார்த்தார். பிறகு திரையில் விரலை இழுத்தார். அதற்கு முன் இரண்டு முறை விரலைப் பின்னுக்கு எடுத்ததை அவள் கவனித்தாள். தோற்றுவிடுவோம் என்ற பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

விசில்.

"கபடி, கபடி, கபடி..."

இசக்கி கோட்டைத் தாண்டினாள். மூன்று பேரும் பின்வாங்கி வளைந்து நின்றார்கள். கொங்கு அணித் தலைவி ஜமுனா நடுவில். அவளுடைய பதக்கங்களை அவள் அம்மா அடுப்பில் போட்டாள் என்பது நாடறிந்த கதை. அவள் பிடரியிலும் பட்டை மின்னியது.

வலது பக்கம் பாய்வதுபோல் போக்குக் காட்டி இடக்காலை வீசினாள் இசக்கி. ஓரத்தில் நின்றவளின் முழங்காலில் விரல் நுனி பட்டது. ஒன்று. திரும்புவதற்குள் இன்னொருத்தி இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஜமுனா தோளில் வந்து விழுந்தாள். இருவருமே பிடியில். கையை எட்டிக் கோட்டைத் தொட்டால் போதும், மூன்று பேரும் அவுட், கோப்பை. கோடு இரண்டு முழம் தள்ளி இருந்தது.

முழங்கால் மடங்கியது. மூச்சு சுருங்கியது. பட்டை சுரீரென்றது.

மழை.

பழைய பேருந்து நிலையம். பதினாறு வயது. ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா சுடலைமுத்து, நனைந்த காக்கிச் சட்டையோடு எதிரே நிற்கிறார். எந்த விளையாட்டுப் படம் வந்தாலும் முதல் நாளே அவளைத் தோளில் உட்காரவைத்து அழைத்துப்போன அப்பா. "அவமானப்படாதவன் ஜெயிச்சு எந்தப் படத்துலயாவது பாத்திருக்கியாட்டி?" என்று இடைவேளையில் முறுக்கு வாங்கித் தரும் அப்பா.

பளார்.

"கபடின்னுட்டு ஊர் ஊராத் திரியுத நீ எனக்கு மகளே இல்ல. எனக்கு மக செத்துட்டா."

அதோடு முடிந்திருக்கலாம். அடித்த கையோடு சற்று நின்றார். அவள் தோளுக்கு மேலாக எங்கோ பார்த்தார். பிறகு, முதல் அடியைவிடப் பலமாக, மறுபடியும் ஒன்று. அதே வார்த்தைகள். அவளை ஆறு வருடம் ஓடவைத்தது அந்த இரண்டாவது அடிதான். கோப்பையோடு போய் அவர் முன்னால் நிற்க வேண்டும், 'செத்த மக வந்திருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடியது அதற்காகத்தான்.

"கபடி, கபடி..."

வழக்கமாக இந்த இடத்தில் நெஞ்சு எரியும். கால்கள் இரும்பாகும். இன்று அப்பாவின் முகத்தைச் சுற்றி உலகம் அகலமாகத் திறந்துகிடந்தது.

பக்கத்தில் நின்ற திருச்செந்தூர் பஸ்ஸின் முகப்பில் புழுதி காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை.

அதன் கண்ணாடியில் மே மாத வெயில் பளபளத்தது.

டீக்கடைக்காரர் இவர்களைப் பார்க்கவில்லை. கையைக் கண்ணுக்கு மேல் குடையாக வைத்து, அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை போன இடத்தில் ஒரு தண்ணீர் லாரி. லாரி மேல் ஒருவன். அவன் கையில் குழாய்.

மழை அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் பெய்துகொண்டிருந்தது.

இசக்கியின் வாயில் பாட்டு நின்றது. கால்கள் துணியாய்த் துவண்டன. ஜமுனா அவளைத் தரையோடு அழுத்தினாள். அரங்கம் ஓவென்று எழுந்தது, வேறு ஊருக்காக.

உடை மாற்றும் அறைக்குப் போகும் நடையில் எஸ்தர் அவள் தோளில் துண்டைப் போட்டுவிட்டு விலகினார். நினைவு வற்றியவளை எந்த அணியும் வைத்துக்கொள்ளாது. அது இருவருக்கும் தெரியும்.

தியாகு பின்னாலேயே ஓடிவந்தார். தோற்ற அணியின் ஆள் போலவே இல்லை. கண்கள் விரிந்திருந்தன. பலகைக் கணினியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இசக்கி, இதப் பாரும்மா. வடுமானி முள்ளு மேல முட்டி நிக்குது. நான் இப்படிப் பாத்ததே இல்ல. பழைய காட்சி போகட்டும், இந்தக் கணம் போதும். அடுத்த வருசம் உன்ன எவளும் தொட முடியாது."

இசக்கி கையைப் பிடரிக்குக் கொண்டுபோனாள். பட்டையைத் தோலோடு பிய்த்து எடுத்தாள். திரையில் முள் பொத்தென்று விழுந்தது. தியாகுவின் முகமும் அதோடு விழுந்தது.

"சார், லாரி யாரு புடிச்சது?"

அவர் பலகைக் கணினியைக் கீழே இறக்கினார். அதுவே பதில்.

"அப்பாவ எப்படி மசிய வெச்சீங்க?"

"நான் எங்கம்மா மசிய வெச்சேன்?" "முதல் தேர்வுல உனக்கு வடுவே இல்லன்னு திருப்பி அனுப்பினாங்கல்ல. மறுநாள் அவராத்தான் என்னைத் தேடி வந்தாரு. எம் மக சிரிச்சே வளந்துட்டா சார், நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்னாரு. மழை மட்டும்தான் என் யோசனை. சோகக் காட்சின்னா மழை இல்லாம எனக்குக் கை ஓடாது."

நடையின் கோடியில் கொங்கு அணியின் கூச்சல் கேட்டது. இசக்கி இரத்தம் கசிந்த பிடரியைத் துண்டால் அழுத்திக்கொண்டாள்.

"அவரு எங்க இருக்காரு இப்ப?"

"அதே வீடுதான். நீ ஆடுற வரைக்கும் உன் கண்ணுல படக்கூடாதுன்னு பேச்சு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கடைசி வரிசையில உக்காந்திருப்பாரு. இன்னிக்கும் வந்தாரு."

அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். நாலடி போனவள் நின்றாள். திரும்பவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். ரெண்டாவது அடி எதுக்கு?"

தியாகு வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முதல் தடவ அடிச்சதும் உங்க அப்பா அழுதுட்டாரும்மா. ஒன் மோர் டேக் கேட்டது நான்."