படிக் கொழுக்கட்டை

நிலைப்படியில் வைத்த ஐந்து கொழுக்கட்டைகளில் ஒன்று கடிபட்டிருந்தது.

எலியாக இருந்தால் சொர்ணத்தாய் அதை எடுத்து வெளியே வீசிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். எலிக்கடி அவளுக்குத் தெரியாததா? பருத்தி குவித்துப் போடுகிற வீடு அது. இது வேறு. வெந்த மாவின் அடிப்பக்கத்தில், ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் இரண்டே இரண்டு பல் பதிந்திருந்தது, அரிசி அகலத்துக்கு. தொட்டிலில் கிடக்கிற பாலம்மாளுக்கு ஒன்பது மாதம் முடிந்தும் ஒரு பல்கூட முளைக்கவில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. அவள் புருஷன் வன்னியபெருமாள் விடியுமுன்னே விதைப்புக்குப் போனவன்.

வெளியே ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. மத்தியானம்தான் என்றாலும் வீட்டுக்குள் விளக்கு வைக்கிற நேரம்போல இருட்டிக் கிடந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமும், தொட்டில் கயிறு விட்டத்தில் உரசுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. கருப்பட்டி வாசனைக்கு ஊடே நனைந்த கரிசலின் வாடையும், அதற்கும் அடியில் பாசி பிடித்த தண்ணீரின் வாடையும் வந்தன. அந்தப் பாசி வாடை மட்டும் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

பாலம்மாள் குப்புற விழவில்லை. தவழவில்லை. கழுத்து நிற்கவே ஆறு மாதம் ஆனது. மூத்தவன் கருத்தையா எல்லாவற்றிலும் அவசரக்காரன். மூன்றில் குப்புற விழுந்தான், ஆறில் தவழ்ந்தான், ஏழில் கீழ்ப்பல் இரண்டு முளைத்தது. ஒன்பது மாதம் முடிந்த கையோடு சுவரை விட்டு நடந்து நிலைப்படியைத் தாண்டிவிட்டான். பிள்ளை படி தாண்டினால் அன்றைக்கே கொழுக்கட்டை அவித்து, அந்தப் படியில் வைத்து, தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அன்றைக்குப் பருத்தி எடுப்பு. வெள்ளிக்கிழமை அவித்துக்கொள்ளலாம் என்று சொர்ணத்தாய் நினைத்தாள். வியாழக்கிழமை அவன் மறுபடியும் படி தாண்டினான். யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கிணற்றுக்கு நாற்பது எட்டு வைத்தால் போதும், அதுவும் பெரிய ஆள் எட்டு. அந்த இரண்டு பல்லோடு போய்விட்டான்.

பாலம்மாளைக் கோவில்பட்டி டாக்டரிடம் காட்டியிருந்தாள். “ஒரு வயித்துப் பிள்ளையின்னாலும் ஒண்ணுபோல வளராதும்மா. மூத்ததோட ஒத்துப் பாக்காதீங்க” என்று அவர் சொல்லியனுப்பினார். ஒத்துப் பார்க்காமல் எப்படி இருப்பது? அவளிடம் இருந்த கணக்கே அது ஒன்றுதான். காலையில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த முப்பிடாதி வேறு, “படிக் கொழுக்கட்டைய முன்னாடியே அவிச்சு வச்சிருங்க மதினி. ஆசைப்பட்டு நடந்திருவா” என்றாள்.

அந்தப் படியைத் தாண்டியும் கொழுக்கட்டை கிடைக்காத பிள்ளை ஒன்று உண்டு என்பது முப்பிடாதிக்குத் தெரியாது. சொர்ணத்தாய்க்குத் தெரியும். தெரிந்தும் அவித்து வைத்தாளே!

தொட்டில் கயிற்றின் சத்தம் நின்றது.

அவள் திரும்பவில்லை. கண் தரையில் இருந்தது. படியிலிருந்து தொட்டில்வரைக்கும் சாணி மெழுகிய தரையில் கரிசல் சேறு. சின்னச் சின்னதாகக் காலடி. ஐந்து விரலும் பதிந்து, உள்ளே போகிற காலடி.

வெளியே வந்த காலடி இல்லை.

“பாலம்மா...”

தொட்டில் காலியாகத் தொங்கியது. அதற்குக் கீழே, தரையில், பாலம்மாள் உட்கார்ந்திருந்தாள். முதுகு நிமிர்ந்து. பிறகு எழுந்தாள். எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள்.

ஒரு நொடி சந்தோஷம்தான் வந்தது. அதை நினைத்து வெட்கப்படச் சொர்ணத்தாய்க்கு நேரமில்லை. பிள்ளையின் வலது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ மூடிப் பிடித்திருந்தன. நடக்கப் பழகுகிற பிள்ளையின் கையைப் பெரியவர்கள் பிடித்தால் அது மேலே தூக்கி இருக்கும். இது அப்படி இல்லை. பிள்ளையின் உயரத்துக்கே நேராக இருந்தது. பிடித்திருப்பவனும் அதே உயரம்.

பாலம்மாள் நடந்தாள். படியை நோக்கி.

சொர்ணத்தாய் பாய்ந்து இடது கையைப் பற்றினாள். இடுப்பில் அணைத்துத் தூக்கினாள். பிள்ளை வரவில்லை. ஒன்பது மாதப் பிள்ளை, பஞ்சு மூட்டை கனம்கூட இல்லாதது, தரையை விட்டு எழும்பவில்லை. அந்தப் பக்கத்துக் கை விறைத்து நின்றது. இழுபட்டது. பாசி வாடை முகத்தில் அடித்தது.

“ஏலே கருத்தையா... விட்டுருய்யா.” அவள் பிடியை விடவில்லை. “அம்ம சொல்லுதேன்லா. கொழுக்கட்ட எல்லாம் ஒனக்குத்தான். இவள விட்டுரு.”

இழுப்பு நின்றது.

படியில் இருந்த கொழுக்கட்டை ஒன்று உருண்டது. அவளை நோக்கி வந்து, கால் விரலில் முட்டி நின்றது. அவன் அதை வேண்டாமென்று தள்ளியதுபோல.

மறுபடி இழுப்பு. இப்போது பலமாக.

படி தாண்டினார்கள். சொர்ணத்தாயின் பாதம் சேற்றில் வழுக்கியது. தரையில் உட்கார்ந்து தடுத்துப் பார்த்தாள். அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கையை விட்டால் பிள்ளை போய்விடும். விடாவிட்டாலும் நடக்கத்தான் வேண்டியிருந்தது. வாய்விட்டுக் கத்தினாள். விதைப்புக்காலம். தெருவில் யாரும் இல்லை.

பாலம்மாள் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். பிறந்ததிலிருந்து இப்படிச் சிரித்ததில்லை.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார்கள். மழை கழுவிய கரிசலில் ஒரு தடமும் இல்லை. முழுக் கறுப்பு. அதற்கு அப்பால், விளிம்புவரை தண்ணீர் ஏறிய கிணறு.

பிள்ளைக்கு வலப்பக்கம், ஈர மண் அமுங்கியது. ஒரு சின்னக் காலடி. அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கும் முன்னால் இன்னொன்று.