தொண்டைக்குள் ஒரு சாட்சி

நாராயணவனம் சாலையோரம், புங்க மரத்தடியில் ஆதிநாராயணன் குப்புறக் கிடந்தான்.

முதுகில் கத்தி!

போனில் கூப்பிட்டு வரவழைத்ததும் குத்தியதும் கூட்டாளி முரளிதரன். நகரியில் இருவருக்கும் பொதுவான பவர்லூம் கொட்டகை, இனி தனக்கு மட்டும்தான்!

பைக்கில் பறந்தான். புத்தூர் வருவதற்குள் டிராக்டரில் மோதினான்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள், வாய் வழியாக மூச்சுக் குழாய். அதை எடுத்தபோது... குரல் இல்லை! வெறும் காற்று!

"குழாய் உரசி குரல் நாண் புண்ணாயிருக்கு," என்றாள் டாக்டர் யாமினி.

முரளிதரன் அழுதான். நிஜமாகவே அழுதான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஸ்வர்ணலதா வந்தாள்.

"ஆதிநாராயணனுக்கு வந்த போன், அவரு செல்லுல ரெக்கார்டு ஆயிருக்கு. உன் மேல சந்தேகம். வாய்ஸ் ஒத்துப் பாக்கணும். பேசு நைனா!"

"ஹ்ஹ்ஹ..."

அவன் அழுகை அன்றோடு நின்றது!

ஆறாவது வாரம். வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தான்.

"அய்யோ!"

கணீரென்று வந்தது குரல்! சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். பெண்டாட்டி பிரமிளாவிடம்கூட மூச்சு விடவில்லை. தோசை கேட்பதும் காற்றில்தான்!

இரண்டு மாதம் ஓடியது.

இன்று மறுபடி யாமினியின் அறை. ஸ்வர்ணலதாவும் வந்திருந்தாள். மூக்கு வழியாக மெல்லிய கேமரா தொண்டைக்குள் இறங்கியது.

"'ஈ' சொல்லுங்க."

"ஹ்ஹீ..."

திரையில் குரல் நாணின் இரண்டு வெள்ளைப் பட்டைகள் சேராமல் நின்றன.

"பாவம்!" ஸ்வர்ணலதா உச்சுக் கொட்டினாள்.

முரளிதரன் மனசுக்குள் விசிலடித்தான்.

"கடைசியா ஒண்ணு. இருமுங்க."

இருமல்தானே... அதில் ஏது குரல்?

"க்ஹொம்!"

அறையே அதிர்ந்தது! திரையில் பட்டைகள் பட்டென்று ஒட்டிப் பிரிந்தன.

"புண்ணு ஆறிடுச்சு மேடம்," யாமினி சிரித்தாள். "நாண் சேராதவங்களுக்கு இருமலும் புஸ்ஸுன்னுதான் வரும். இவரால பேச முடியும்... பேச மாட்டேங்கறாரு!"

"இன்னா நைனா, இத்தினி நாளா எங்கள ஏமாத்திக்கினு இருந்தியா? ஸ்டேஷனுக்கு வா. ரெக்கார்டிங்க போட்டுப் பாத்துடலாம்."

முரளிதரனுக்கு வியர்த்துக் கொட்டியது. வாய் முந்திக்கொண்டது!

"மேடம்... 'சீக்கிரம் வாடா'ன்னு ரெண்டே வார்த்ததான பேசினேன்! அத வெச்சி நான்தான்னு எப்டி சொல்வீங்க?"



யாமினி வாயைப் பிளந்தாள். ஸ்வர்ணலதா நிதானமாக விலங்கை எடுத்தாள்.

"அந்த செல்லு அன்னிக்கே உன் பைக் டயர்ல நசுங்கி தூளாயிடுச்சு. ரெக்கார்டிங்கே கெடையாது!"

"அப்போ... நீங்க சொன்னது...?"

யாமினி கேமரா மிஷினைக் காட்டினாள். அதில் மைக். பக்கத்தில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"இப்பதான் ஆச்சு," என்றாள் ஸ்வர்ணலதா. "வாய்ஸ் சும்மா சூப்பரா இருக்கு நைனா!"