எடையில்லாத துவக்கு

பதுளையில் சட்டத்தரணி கனகரத்தினம் காலைத் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை. அதற்குள் இராக்கம்மா வந்துவிட்டாள். பூனாகலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். கூட வந்த தம்பி அஜந்தன் வாசலைத் தாண்டவில்லை. வலக்கையைச் சால்வைக்குள் மறைத்து, இடக்கையில் குடையுடன் வெளியிலேயே நின்றான். அந்த மணிக்கட்டில் புது மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

"எங்க வீட்டுக்காரரப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க ஐயா. லயத்து வீட்டுல துவக்கு இருந்துச்சாம். நாளைக்குக் கொழும்புக்குக் கொண்டு போறாங்களாம்."

அது 1997, போர்க்காலம். துப்பாக்கி வழக்கில் அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று எவருக்கும் தெரியாது. அவள் கணவன் இராசையா தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் திருத்துபவன்.

"துவக்கை அவர்தான் செய்தவரோ?"

"ஆமாங்க."

"ஆருக்கு?"

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"மனிசி எதையோ மறைக்கிறா சேர்," என்றாள் உதவியாளர் தயானி, பொலிஸ் நிலையத்துக்குப் போகும் வழியில். "காட்டுக்குள்ள இருக்கிற இயக்க ஆக்களுக்குத்தான் செய்திருக்க வேணும்." தயானிக்கு எந்த வழக்கும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் பேசினார்; கடுமையான மனிதரல்ல. மேசையில் கன்னங்கரிய துப்பாக்கி கிடந்தது.

"அரைத் தானியங்கி. விசையை இழுக்க இழுக்க வெடிக்கும் என்று அவனே சொல்கிறான். இராணுவத்திடம்கூட இவ்வளவு இலேசானது இல்லை. யாருக்கென்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டான்."

கனகரத்தினம் அனுமதி கேட்டுத் தூக்கினார். குடையைவிட இலேசு. எண்ணெய் வாடை இல்லை; தீபாவளி வாடை அடித்தது. விசை இடக்கைக்கு ஏற்றபடி இருந்தது. முன்னால் கை பிடிக்கும் இடத்தில், முழங்கையை நுழைக்கும் தோல் வளையம். பிடியில் மஞ்சள் கறை.

அவர் துப்பாக்கியின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு விசையை இழுத்தார். டப், டப், டப். இரண்டு பொலிஸ்காரர்கள் மேசைக்கடியில் போய்விட்டார்கள். அவருடைய கையில் ஒரு கீறலும் இல்லை.

"உள்ளே இருப்பது சிறுவர்கள் சுடும் சுருள் பொட்டு வெடி. மையைச் சுரண்டிப் பாருங்கள், தேயிலைப் பெட்டிப் பலகை. தோட்டத்தில் அர்ச்சுனன் தபசு கூத்து ஆடப்போகிறார்கள். அதில் சிவன் வேடனாக வந்து பன்றியைக் கொல்வார். பிடியில் இருப்பது கூத்துக்குக் கட்டிய காப்பின் மஞ்சள். விடிய விடிய ஆடுகிறவனுக்குப் பாரம் ஆகாது."

"அதைச் சொல்ல இவனுக்கு என்ன தயக்கம்? ஆடுவது யார்?"

கனகரத்தினம் ஜன்னலைப் பார்த்தார். தெருவுக்கு அப்பால், கடை ஓரத்தில் அஜந்தன் ஒதுங்கி நின்றான்.

"வேஷம் கட்டினால் அவர் சிவபெருமான். அவரிடம் அடையாள அட்டை கேட்பீர்களா?"

இன்ஸ்பெக்டரும் அந்தத் திசையில் பார்த்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். "இவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். துவக்கு இங்கே இருக்கட்டும்."

வெளியே கனகரத்தினம் தயானிக்குச் சொன்னார்: "இடக்கையாலை சுடுறவன். மற்றக் கை இல்லாதவன். ஆருக்கெண்டு கேட்டதும் அக்கா அவனைத்தான் பார்த்தா. அட்டை இல்லாத தோட்டப் பெடியன்ரை பேரைச் சொன்னால் இண்டைக்கே அவனும் உள்ளுக்கு."

"கை மெஷின்ல போச்சுங்க ஐயா," என்றாள் இராக்கம்மா. "தம்பியச் சொன்னா புருசன் வருவாரு. நான் யாரச் சொல்றதுங்க?" அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்தது. தயானிக்கு வெட்கமாக இருந்தது. இராக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அஜந்தன் தெருவைக் கடந்து வந்து இராசையாவைக் கட்டிக்கொண்டான். "என்னாலதானே மச்சான்."

"சும்மா இருடா. துவக்கத்தான் தரமாட்டேன்னுட்டாங்க. அடுத்தத இன்னும் எட கொறச்சலா செஞ்சிப்புடலாம்."

இராக்கம்மா தம்பியின் குடையைப் பறித்துக் கணவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"சாமிக்கு வில்லும் அம்புமே போதும்," என்றாள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும்.