டயரில் ஒரு விதை!

"அய்யய்யோ... பெரிய ஐயா!"

அடையாறு காந்தி நகரே அந்த அலறலில் காலைக் காப்பியைக் கொட்டிக்கொண்டது. அலறியது சமையல்கார முத்துலட்சுமி.

கார் ஷெட்டிலிருந்து காம்பவுண்டு சுவர் வரை ஒரு சரிவு. சுவருக்கும் ஒரு சிவப்பு ரேஸ் காருக்கும் நடுவே வீட்டுக்காரர் ஸ்ரீனிவாசராகவன்.

உயிர் இல்லை!

கார் மட்டும் ஜம்மென்று இருந்தது. இத்தாலிக்காரன் தொண்ணூறு வருஷத்துக்கு முன் ரேஸில் ஓட்டிய வண்டி. உலகத்திலேயே மூன்றுதான் உண்டாம். இன்ஸ்பெக்டர் ஷாகிரா வந்து இறங்கியதுமே ஆளாளுக்கு இதைத்தான் சொன்னார்கள். செத்தவரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"மேடம், வண்டிக்கு ஒண்ணும் அடி இல்லையே?"

கேட்டவர் அப்போதுதான் வந்து இறங்கிய சுயம்புலிங்கம். தி.நகரில் நகைக்கடை. நெற்றியில் பட்டை விபூதி. பழைய கார் கிளப்பின் தலைவர். நாளை கிண்டியில் அவர் நடத்தும் கண்காட்சிக்கு இந்த வண்டிதான் மாப்பிள்ளை.

"ஆளு செத்துட்டாரு சார்."

"வருத்தந்தான். ஆனா போஸ்டர்ல வண்டிப் படத்தப் போட்டாச்சுல்லா! சாயங்காலத்துக்குள்ள விட்ருவீங்களா?"

"ஒண்ணு செய்யுங்க. முன்னால சாஞ்சிருக்கறவரைக் கொஞ்சம் நகர்த்திட்டு இப்பவே ஓட்டிட்டுப் போங்க!"

சுயம்புலிங்கம் நிஜமாகவே யோசித்தார்! ஷாகிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செத்தவரின் தம்பி ஸ்ரீவத்சன் ஈரத் தலையோடு வந்தான். அமெரிக்கா ரிட்டர்ன். அங்கே ரேஸ்கூட ஓட்டினவனாம். நாற்பது வயதுக்குக் குடுமி மாதிரி ஒரு போனிடெயில். ஷெட்டுக்குள் அவனுடைய கைவரிசை ஒன்று நின்றது. பாவப்பட்ட அம்பாசடர் ஒன்றின் கூரையை அறுத்து, லாரி சைஸ் எஞ்சினைத் திணித்து, பக்கவாட்டில் நெருப்பு வரைந்திருந்தான். அதற்கு ஹாட் ராட் என்று பெயராம்! ஷாகிராவுக்கு அது வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் வாடகை டாக்ஸியாகத்தான் தெரிந்தது.

"அண்ணா கீழ நின்னுண்டு போட்டோ எடுத்திருப்பான் மேடம். ஹேண்ட்பிரேக் விட்டுடுத்து. நான் குளிச்சிண்டிருந்தேன். நேத்து பிரேக் பார்த்தவன் இதோ நிக்கறான்!"

விரல் நீண்ட இடத்தில் மெக்கானிக் ஜீஷான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அல்லா மேல சத்தியமா பிரேக் பக்காவா கீது மேடம்! நீங்களே இழுத்துப் பாருங்க. என் பொண்டாட்டி முழுகாம கீறா... என்னை உள்ள தள்ளிட்டீங்கன்னா அவ நடுத்தெருவுல நிப்பா மேடம்!"

"கையில தாயத்து பாருங்கோ!" ஸ்ரீவத்சன் உதட்டைச் சுழித்தான். "பிரேக்கை நம்பாம தாயத்தை நம்பற ஆசாமி. நான் இன்ஜினியர். இந்த மூடநம்பிக்கைதான் இந்த ஊரையே குட்டிச்சுவராக்கித்து."

சுயம்புலிங்கம் ஷாகிராவின் காதருகே குனிந்தார்.

"கமிஷனர் நமக்கு வேண்டப்பட்டவரு. பயலத் தூக்கி உள்ள போட்டுட்டு வண்டிய விடுங்க, சோலி முடிஞ்சிரும்."

யாருடைய சோலி? ஷாகிரா பல்லைக் கடித்துக்கொண்டு சரிவில் ஏறினாள். ஏட்டு கனகராஜ் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மேடம் இது? எடமெல்லாம் தூசி. நாலே நாலு எடத்துல மட்டும் எவனோ கழுவிக்கீறான்!"

நான்கு ஈரத் திட்டுகள். கார் நின்றிருந்த இடத்தில், சக்கரத்துக்கு ஒன்று!

ஷாகிரா மடமடவென்று கீழே இறங்கினாள். முன் டயரின் பள்ளத்தில் விரலை விட்டாள். ஏதோ வழுக்கியது. முகர்ந்தாள்.

எலுமிச்சை விதை!

யாரிடமும் மூச்சுவிடாமல் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள்.

"முத்துலட்சுமி, வீட்ல எலுமிச்சம்பழம் இருக்கா?"

"சாதம் கலக்க நேத்து நாலு வாங்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சேம்மா. காலையில பார்த்தா ஒண்ணுகூட இல்ல!"

பின்னாலேயே வந்த கனகராஜ் துள்ளினார்.

"நகைக்கடைதான் மேடம்! அந்த ஆளு சாமி கும்பிடாம பாத்ரூம்கூட போமாட்டாரு."

"அவர் நமக்கப்புறம்தானே வந்தார்? இருங்க, கேட்டுடுவோம்."

சுயம்புலிங்கம் இன்னும் காரையே சுற்றிக்கொண்டிருந்தார்.

"சார், உங்ககிட்ட இருக்கற பழைய ரேஸ் காரெல்லாம் எடுக்கும்போது சக்கரத்துக்குப் பழம் வைப்பீங்களா?"

"பேரன் எடுத்த கிழவிக்கு யாராச்சும் நலங்கு வைப்பாவளா மேடம்? ஷோரூம்லேருந்து வர்ற புது வண்டிக்கு வச்சா சரி. தொண்ணூறு வருசம் ஓடின வண்டிக்குப் பழம் வச்சா எங்க கிளப்புல கெக்கெக்கேன்னு சிரிச்சிருவாவ!"

ஷாகிரா அப்படியே நின்றாள்.

புது வண்டிக்கு...

---

ஸ்டேஷன் லாக்கப்பில் ஜீஷான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கமிஷனர் போன் போட்டாயிற்று; எஃப்.ஐ.ஆரில் அவன் பெயர் ஏறவேண்டியதுதான் பாக்கி. வண்டியை மீட்க சுயம்புலிங்கம் வாசல் பெஞ்சில் காத்திருந்தார்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்ட ஸ்ரீவத்சனுக்கு வெளியே போக வழியில்லை. அண்ணன் செத்த அன்றும் அந்த நெருப்புப் படம் போட்ட வண்டியில்தான் வந்திருந்தான், புண்ணியவான்! அதன் எதிரே வழியை மறித்துக்கொண்டு, லாரியிலிருந்து அப்போதுதான் இறக்கிய புது ரோந்து ஜீப். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"எங்க டிரைவர் லீவு சார்." ஷாகிரா சாவியை நீட்டினாள். "நீங்க ரேஸே ஓட்டினவர். கொஞ்சம் ஓரங்கட்டிட்டுப் போங்களேன்."

ஸ்ரீவத்சன் ஏறினான். சாவியைச் செருகினான்.

திருப்பவில்லை.

நெற்றியில் வியர்வை கோத்தது.

"என்ன சார்? அமெரிக்காவுல சாவியைத் திருப்பச் சொல்லித் தரலையா?"

"இது... இப்பதான் முதல் தடவையா எடுக்கறேளா?"

"ஆமா."

"இல்ல... வீலுக்கு அடியில..."

"வீலுக்கு அடியில?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஷாகிரா கைக்குட்டையைப் பிரித்து விதையை ஸ்டியரிங் மேல் வைத்தாள்.

"இதானே சார்?"

"அ... அது ஊர்ல எல்லாரும் வெக்கறதுதானே!"

"புது வண்டிக்கு எல்லாரும் வைப்பாங்க. தொண்ணூறு வருஷத்துக் கிழட்டு வண்டிக்கு எவனும் வைக்கமாட்டான். வெச்சவனுக்கு மட்டும் அது புது வண்டின்னு தெரியும்! சொல்லுங்க இன்ஜினியர் சார், அதைப் பண்ணினது இத்தாலியா... அம்பத்தூரா?"

பெஞ்சிலிருந்து சுயம்புலிங்கம் எழுந்துவிட்டார்.

ஸ்ரீவத்சன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தான்.

"அம்பத்தூர்தான். ஒரு ஷெட்ல தகரம் அடிச்சுப் பண்ணினது. இத்தாலிலேர்ந்து வந்ததுன்னு அண்ணாட்ட சொல்லிட்டேன். இன்னிக்குக் காலம்பறதான் முதல்ல ஓட்டிப் பாக்கறதா இருந்தோம். கை பாட்டுக்குப் பழத்தை வெச்சுடுத்து மேடம்! அண்ணா சிரிச்சான். 'பழைய வண்டிக்கு ஏதுடா பழம்?'னான். உடனே அவன் சிரிப்பு நின்னுடுத்து. என்னையே வெறிச்சுப் பார்த்தான். 'நாளைக்கு கிண்டில மேடையேறி எல்லார்ட்டயும் சொல்லிடறேன்'னுட்டுக் கீழ இறங்கி நடந்தான். ஊரே காறித் துப்புமேன்னு... பிரேக்கை விட்டுட்டேன். நசுங்கின பழத்தைப் பொறுக்கிண்டு எடத்தைக் கழுவிட்டுக் குளிக்கப் போயிட்டேன்."

"போட்டோ எடுத்தார்னு சொன்னீங்களே! முதுகைக் காட்டிட்டு நடந்த அண்ணன் மேல ஏத்தியிருக்கே. த்தூ!"

"அம்பத்தூர் தகரத்தையா போஸ்டர்ல போட்டேன்!" சுயம்புலிங்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். இப்போதுதான் அவர் கண்ணில் முதல் சொட்டுக் கண்ணீர் வந்தது.

ஷாகிராவே லாக்கப்பைத் திறந்துவிட்டாள். ஜீஷான் அழுதான், சிரித்தான்.

"பிரேக் பக்கான்னு சொன்னேன்ல மேடம்!"

"போப்பா. பொண்டாட்டி சாப்பிடாம உட்கார்ந்திருப்பா."

சைதாப்பேட்டை கோர்ட்டுக்குக் கிளம்ப ஜீப் தயாரானது. விலங்கு மாட்டிய கையோடு ஸ்ரீவத்சன் ஏறப்போனான். சக்கரத்துக்கடியிலிருந்து கனகராஜ் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பயப்படாம குந்து நைனா! போறதுக்கு நாலு பழம் வெச்சுட்டேன். திரும்பி வர்றதுக்கு மெதுவா வாங்கிக்கலாம்... பதினாலு வருஷம் டைம் கீது!"