முப்பது அடி உயரத்தில்

பட்டறையில் போன் அலறியது.

மெக்கானிக் கிரீஸ் கையோடு எடுத்தான்.

"அண்ணே... உங்க மச்சான் ஓட்டின பிளேன்... ஏறின உடனே என்ஜின் நின்னுடுச்சு!" கன்ட்ரோல் டவர்க்காரன் பதறினான்.

எதிர்பார்த்த செய்திதான்!

நேற்று அந்த டேங்கில் தண்ணீர் ஊற்றியவனே இந்த மெக்கானிக்தான். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம்; அடியில் தங்கும். உயரத்தில் விமானம் திரும்பும்போது குலுங்கிக் குழாயில் புகும். அத்தோடு என்ஜின் மூச்சு நிற்கும்.

மச்சான் அறைந்து அக்கா கன்னத்தில் பதிந்த ஐந்து விரல்களுக்கு இதுதான் பதில்!

"அண்ணே, கூட உங்க அக்காவும்..."

ரிசீவர் நழுவியது.

மீதியைக் கேட்காமலே ஓடினான்.

ஓடுபாதையின் கோடியில், புல்லில் மூக்கைச் செருகி நின்றது விமானம். பாதுகாப்பு அதிகாரி உள்ளே குனிந்திருந்தார். இருக்கைகள் காலி!

"சார்... நான்தான்! டேங்க்ல தண்ணி ஊத்தினேன்! மச்சானுக்குத்தான் சார்... அக்கா ஏறுவான்னு நினைக்கலையே! பாவி... கூடப் பிறந்தவளையே கொன்னுட்டேனே!"

"தண்ணியா?" அதிகாரி நிமிர்ந்தார்.

"டேய் தம்பி!"

இறக்கைக்கு அந்தப் பக்கம்... அக்கா! பக்கத்தில், முழங்கால் சிராய்ப்போடு மச்சான்!

"அடிச்சதுக்கு மன்னிப்பு கேட்டு, என்னைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டு வந்தார்டா..." அக்கா அழுதாள். "நீ என்னடா பண்ணி வெச்சிருக்கே?"



"இங்க பாருங்க." அதிகாரி சிவப்புக் கைப்பிடியைக் காட்டினார். "பெட்ரோல் வால்வு. மூடியிருக்கு! டேங்க்லேர்ந்து ஒரு சொட்டு வரலை. குழாயில மிச்சம் இருந்ததுல ஓடி, முப்பது அடியிலேயே நின்னுடுச்சு. எதிர்ல பாதை பாக்கி இருந்துச்சு, நேரா இறக்கிட்டார். உங்க தண்ணி புகுந்திருந்தா, வீடுங்க மேல விழுந்திருப்பாங்க!"

"நான் வால்வைப் பார்க்காமலே கிளப்பிட்டேன் சார்..." மச்சான் முனகினான்.

"யார்... யார் மூடினது?" என்றான் மெக்கானிக்.

"வேலை முடிஞ்சதும் அதை மூடுறது யார் பழக்கம்?" அதிகாரி அவனையே பார்த்தார்.

மெக்கானிக் தன் வலது கையைப் பார்த்தான்.

இருபது வருடப் பழக்கம்! கொல்ல வந்த நாளிலும் அந்தக் கை தன் வேலையை மறக்கவில்லை.

"பைலட்டோட கவனக்குறைவுன்னு ரிப்போர்ட்டை முடிச்சே வெச்சிருந்தேன்." அதிகாரி பெருமூச்சுடன் கையிலிருந்த தாளைக் கிழித்தார்.

"கை ஒழுங்கா மூடிச்சு... வாய்தான்யா மூடலை!"