கூப்பிடாமல் விட்டவள்

சாமான் எல்லாம் வெளியே போன பிறகு வீடு எதிரொலித்தது. குழல்வாய்மொழி கூடத்தில் நின்று இருமினாள். இருமல் உத்தரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அடுக்களையில் துடைப்பம் கைதவறி விழுந்தது. அந்தச் சத்தமும் சுவருக்குச் சுவர் போய்விட்டுத்தான் அடங்கியது. பின்னறையில் மட்டும் அப்படி இல்லை. கட்டிலும் பத்தாயமும் அங்கிருந்து போய்விட்டன, சுவரில் மாட்டியிருந்த படங்களைக்கூடக் கழற்றியாகிவிட்டது. ஆனாலும் அங்கே நின்று இருமியபோது அந்த இருமலை அறை வாங்கி உள்ளேயே வைத்துக்கொண்டது. மூட்டை முடிச்சு நிறைந்த அறையில்தான் சத்தம் அப்படி அமுங்கும்.

இன்னொரு தடவை இருமிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. குனிந்து பெருக்கினாள்.

மேலகரத்தில் அன்று ஆனி மாதத்தின் கடைசி நாள். மறுநாள் ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது என்று அவள் அண்ணன் காந்திமதிநாதன் அவசரப்பட்டான். சாயங்காலம் ஐந்து மணிகூட ஆகவில்லை. குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிய மேகம் ஓட்டுக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டதால் வீட்டுக்குள் வெளிச்சம் கலங்கல் தண்ணீர்போல இருந்தது. சாரல் பெய்கிறதா நிற்கிறதா என்று காதுக்குத் தெரியவில்லை. ஈரச் சுண்ணாம்பும் பழைய உமியும் கலந்த வாடை, அதற்கு அடியில் எங்கிருந்தோ வேப்பிலை வாடை.

காலையில் தென்காசி ரிஜிஸ்திரார் ஆபீசில் கையெழுத்துப் போட்டாயிற்று. கதவு, நிலை, ஜன்னல், கிணறு, மரம், அதில் அடங்கிய சகல பாத்தியங்களும் என்று பத்திரத்தை ஒருவர் படித்துக்கொண்டே போனபோது, அப்படியானால் அக்கா உலகும் அதில் அடக்கம் என்று அவள் நினைத்தாள். நினைத்தபோது பயமோ வருத்தமோ வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு கிடந்தது.

உலகம்மாள் அவளுக்கு இரண்டு வயது மூத்தவள். பதினொரு வயதில் அம்மை கண்டு பின்னறையில் செத்துப்போனாள். வயசுக்கு வராமல் செத்த பெண் வீட்டுக்குக் கன்னி ஆகிவிடுவாள். அவளுக்கென்று ஒரு ஓலைப்பெட்டி முடைந்து, புதுப் பாவாடை சட்டை வைத்து, பின்னறை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். வருஷம் ஒரு தரம், தை மாதத்தில், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பெட்டியை இறக்கி, பழைய பாவாடையை எடுத்துப் புதுசு வைப்பார்கள். அம்மா போன பிறகு அந்த வேலை குழல்வாய்மொழிக்கு வந்தது. உலகு வளரவே இல்லை. பத்தொன்பது வருஷமாக அதே அளவுப் பாவாடைதான் தைக்க வேண்டியிருந்தது.

குழல்வாய்மொழிக்கு வரன் வரும்போதெல்லாம் கன்னியிடம் உத்தரவு கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் பெட்டிக்குக் கீழே போட்டு ஒன்றை எடுப்பார்கள்; சிவப்பு வந்தால் உத்தரவு இல்லை. ஏழு வரன்களுக்கும் சிவப்புதான் வந்தது. விளையாட்டுத் துணையை விட அவளுக்கு மனசில்லை என்று ஊரில் சொன்னார்கள். இப்போது எட்டாவதாகச் செங்கோட்டையிலிருந்து நாறும்பூநாதன் வந்திருந்தார். ரயில்வேயில் வேலை. அவருடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு கன்னி இருக்கா. ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு கன்னி இருக்காது. அவ வராம நீ மட்டும் வாறதுன்னா வா."

இந்தத் தடவை குழல்வாய்மொழி பூப் போட்டுப் பார்க்கவில்லை.

வீட்டை விட்டுப் போகும்போது வாசல்படியில் நின்று கன்னியைப் பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிட வேண்டும். நாங்க போறோம், நீயும் வா என்று சொல்ல வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் பெட்டியோடு நடக்க வேண்டும். கூப்பிட்டால் வருவாள். கூப்பிடாவிட்டால் வீட்டோடு இருந்துகொள்வாள். ஆவணியில் கல்யாணம். குழல்வாய்மொழிக்கு வயது இருபத்தெட்டு. கூப்பிடுவதில்லை என்று அவள் முடிவு செய்து பத்து நாள் ஆகிவிட்டது.

"ஏட்டி குழலு, மூலப்பத்திரத்த எடுத்துட்டு வா. வீடு வாங்குற அண்ணாச்சி வண்டி தெருமுக்குல வருது," என்று காந்திமதிநாதன் வெளியிலிருந்து குரல் கொடுத்தான்.

மூலப்பத்திரம் கன்னிப் பெட்டிக்குள்தான் இருந்தது. கன்னி காவலில் இருக்கிற பொருளை எந்தக் களவாணியும் தொடமாட்டான் என்று அப்பா அங்கே வைத்தார். குழல்வாய்மொழி பின்னறைக்குப் போனாள். இறக்கும் முன் பெயர் சொல்ல வேண்டும். உதட்டை இறுக்கிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தாள். பெட்டி கைக்கு வந்தது. பாவாடைக்கு அடியில் கையை விட்டுப் பத்திரத்தை எடுத்தாள்.

பத்திரம் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அதன்மேல் வெகுநேரம் படுத்திருந்து அப்போதுதான் எழுந்ததுபோல.

வாங்குகிறவர் ஏசுதாசன், தென்காசி பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். மனைவி ஏசுவடியாளோடும் மகளோடும் வந்து இறங்கினார். பத்திரத்தை வாங்கிக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார்.

"எறும்பு ஊர்ந்த மாதிரில்லா எழுதியிருக்கான்."

"தெளிவா எழுதியிருந்தா மட்டும் உங்களுக்குப் புரிஞ்சிரப்போவுதாக்கும்," என்றாள் ஏசுவடியாள். "தங்கச்சி, கெணத்துல எப்பவும் தண்ணி கெடக்குமா?"

"கெடக்கும் மதினி."

"ஆடிக்கு முந்தி வாங்கன்னு உங்க அண்ணன் சொன்னாகன்னு இவுக கஞ்சிகூடக் குடிக்காம கூட்டிட்டு வந்துட்டாக. எங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான்."

மகள் ஜெபமலருக்குப் பதினொரு வயது இருக்கும். இரட்டைச் சடை. புது வீட்டைக் கண்டதும் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். கூடத்தில் நின்று "ஓ" என்றாள். வீடு "ஓ" என்றது. சிரித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய் இன்னொரு "ஓ". அங்கேயும் பதில் வந்தது. காலடி பின்னறைப் பக்கம் போனது.

குழல்வாய்மொழி ஏசுவடியாளிடம் சாவிகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். இது தெருவாசல். இது புழக்கடை. இது அடுக்களை, மழைக்குக் கொஞ்சம் பிடிக்கும், எண்ணெய் விட்டுக்கோங்க. வாய் பேசியது. காது பின்னறையில் இருந்தது.

"ஓ" என்ற சத்தம் வந்தது.

அது எதிரொலிபோல மெலிந்து இருந்தது. அதற்குப் பிறகுதான் ஜெபமலர் "ஓ" என்றாள்.

"இது எந்தச் சாவி தங்கச்சி?"

"பின்னறை," என்றாள் குழல்வாய்மொழி. "அத பூட்டுறதில்ல."

ஜெபமலர் மெதுவாகத் திரும்பி வந்தாள். கால் சேறாகவில்லை, உடுப்பும் நனையவில்லை. முகத்தில் மட்டும் ஒரு யோசனை.

"அக்கா, அந்தப் பிள்ள உங்க கூட வரலையா?"

"எந்தப் பிள்ள?"

"பின்னால ரூம்ல நிக்காள்ல. நீங்க எப்பக் கூப்பிடுவீங்கன்னு எங்கிட்ட கேக்கா."

ஏசுவடியாள் சிரித்தாள். "இவ இப்படித்தான். சுவத்தோடயும் பேசுவா."

"வெளையாட வாறியான்னு கேட்டா. ஒரு ஆள் உள்ள வந்தா ஒரு ஆள் வெளிய போணுமாம். அதான் வெளையாட்டாம்," என்றாள் ஜெபமலர்.

குழல்வாய்மொழியின் கையில் சாவிக்கொத்து சத்தமில்லாமல் இருந்தது. இப்போது கூப்பிடலாம். மூன்று தரம் ஒரு பெயர். அவ்வளவுதான். உலகு பின்னால் வந்துவிடுவாள். செங்கோட்டைக் கல்யாணம் நின்றுபோகும். அடுத்த தையில் மறுபடி ஒரு பாவாடை தைக்கலாம். அதற்கு அடுத்த தையிலும்.

"அங்கன யாரும் இல்ல," என்றாள். "பிள்ளைய அந்தப் பக்கம் விடாதீக மதினி. இருட்டு."

காந்திமதிநாதன் பெட்டியைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினான். "கூப்பிட்டியாட்டி?"

"கூப்பிட்டேன்."

அவளுக்கு அந்தச் சொல் வேறு யாரோ சொன்னதுபோல் கேட்டது.

சாவியை வாங்க ஏசுதாசன் கையை நீட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, "எங்க ஜெபமலர்? பிள்ள கையால வாங்கட்டும். எல்லாம் அவளுக்குத்தான்," என்றார்.

"இப்பத்தான் இங்கன நின்னா," என்று ஏசுவடியாள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இரண்டாம் தரமும் இல்லை. பின்னறைக் கதவு முனகியது. கொஞ்ச நேரம் கழித்து ஜெபமலர் கூடத்தைத் தாண்டி வந்தாள். இப்போது ஓடவில்லை. ஒவ்வொரு தூணையும் கையால் தொட்டு, எந்தத் தூண் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தொட்டு, வந்தாள். வாசற்படிக்கு உள்பக்கமே நின்றுகொண்டு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

குழல்வாய்மொழி சாவியை வைத்தாள். விரல் பட்டது.

கொதித்தது. காய்ச்சல்காரியின் கை.

வேப்பிலை வாடை.

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு குதிகாலைத் தூக்கி மற்றக் கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டாள். கொசு கடித்தால் உலகு மட்டுமில்லை, எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தேய்க்கும். குழல்வாய்மொழி தனக்குள் அதைச் சொல்லிக்கொண்டே வண்டிவரைக்கும் நடந்தாள். எல்லாப் பிள்ளைகளும்தான். எல்லாப் பிள்ளைகளும்தான்.

வண்டிக்காரர் பேச்சிமுத்து வைக்கோலைத் தட்டிப் போட்டார். "பின்னால ஏறிக்கோங்கம்மா. அண்ணாச்சி முன்னால எம் பக்கத்துல இருக்கட்டும், பாரம் சமனா இருக்கணும்."

அவள் கால்களைத் தெருப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். பெட்டி மடியில். இப்போது வீடு நேரெதிரே. பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டாள். கூப்பிடாதவளுக்கு எதற்கு அந்த விதி என்று தோன்றியது. இருந்தாலும் நிமிரவில்லை.

"ஏசுவடியா, இங்க பாரேன்," என்று ஏசுதாசனின் குரல் வாசலிலிருந்து வந்தது. "யாரும் சொல்லிக் குடுக்காம எல்லாச் சாவியும் எந்தப் பூட்டுக்குன்னு சொல்லுதா எம் மவ."

மாடு கழுத்தை ஆட்டியது. மணிச் சத்தம். சக்கரம் ஒரு சுற்று.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். செங்கோட்டை இல்லை. ஆவணி இல்லை. அவர்களுக்கு ஒரே பிள்ளை.

"உலகு," என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. சாரல்.

"உலகு. நாங்க போறோம். நீயும் வா."



"உலகம்மா."

மூன்று.

சக்கரம் இன்னொரு சுற்று. ஒன்றும் இல்லை. பிறகு ஈர மண்ணில் சின்னக் காலடி. ஓடி வருகிற காலடி. வண்டிக்குப் பின்னால். அருகே. வைக்கோல் சரசரத்தது. வண்டி கனக்கவில்லை. பேச்சிமுத்து திரும்பவில்லை. மாடு திரும்பவில்லை.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தாயிற்று.

வந்துவிட்டாள். அப்படியானால் சரிதான். பிள்ளை பிழைத்தது. குழல்வாய்மொழிக்கு அழுகை வரவில்லை. தோள் மட்டும் தளர்ந்தது. இனி என்றைக்கும் இவள்தான். பழகினவள். பழகின பாரம்.

"அக்கா."

கண்ணைத் திறக்காமல், "என்ன உலகு?" என்றாள்.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க அக்கா. எங்கம்மா அங்கன நிக்கா."

கண்ணைத் திறந்தாள்.

வைக்கோல்மேல் இரட்டைச் சடையோடு ஜெபமலர் உட்கார்ந்திருந்தாள். சாரல் அவள் நெற்றியிலும் கையிலும் விழுந்து, அங்கே நிற்காமல், வைக்கோலை நனைத்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பிள்ள என்ன வெளிய போகச் சொன்னா," என்றாள். "நீங்க கூப்பிட்டீங்க. அதான் வந்தேன். வெளையாட்டு முடிஞ்சிருச்சாக்கா?"

குழல்வாய்மொழி வீட்டைப் பார்த்தாள்.

வாசலில் ஏசுவடியாள் நின்றாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இரட்டைச் சடையோடு, ஒரு ஜெபமலர் நின்றாள். "சாரல்ல நிக்காதன்னா கேக்கியா," என்று சொல்லிக்கொண்டே ஏசுவடியாள் முந்தானையை எடுத்து அந்தப் பிள்ளையின் தலையைத் துவட்டினாள். உச்சியில் ஆரம்பித்து, காதுப் பக்கம், பிடரிப் பக்கம். பத்தொன்பது வருஷமாக யாரும் தொடாத தலைபோல, அந்தப் பிள்ளை அசையாமல் நின்று வாங்கிக்கொண்டது.

வண்டி தெருமுனையில் திரும்பியது. பக்கத்தில் இருந்தவள் கண்ணை மூடி, அம்மா கை எங்கெங்கே போகும் என்று தெரிந்தவளாய், தலையை மெல்லச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.