சீமெந்து பூசிய இடம்

லண்டனில், நோர்பரி வீட்டில், முன்னறைக்கும் மாடிப்படிக்கும் இடையிலிருந்த சுவரின் அடியில் ஒரு கையகலத்துக்கு ஈரம் இருந்தது. லோஜினி துணியால் துடைத்தாள். தேநீரோடு திரும்பி வந்தபோது ஈரம் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. நடுவில் ஒரு துளி திரண்டு கம்பளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

குழாய் வேலை பார்க்கும் மிதுலன் மறுநாள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, இதுக்குள்ள பைப்பே இல்லை. ஒரு செங்கல் தடிப்புத்தான், ஒற்றைக்கல் சுவர். ஹீட்டிங் கூடிப்போய்ச் சுவருக்கு வேர்க்குது போல."

"மார்கழியிலயோ?"

"ஒரு பிளேன்ரீ தாங்கோ, குடிச்சிட்டு யோசிக்கிறன்."

குடித்தான். யோசித்தான். போய்விட்டான்.

தம்பி கௌசிகனின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. வன்னியில் ஊர்க்குளத்தின் மண்கட்டு கார்த்திகை மழையில் உடைந்து, விடியுமுன் அவனையும் மனைவியையும் ஆறு வயது மகளையும் கொண்டுபோனது. மாரி வெள்ளத்தை மறித்து ஊரைக் காக்கிற சின்னக் கட்டு அது. அதைத் திருத்தி உயர்த்தியது லண்டனிலிருந்த ஊர்ச்சங்கம். வேலையை அங்கே நின்று பார்த்தவன் கௌசிகன்; இங்கிருந்து நடத்தியவர் அவளுடைய கணவர் வாமதேவன், உள்ளூர்க் கவுன்சிலில் பொறியியலாளர்.

"அது மழை, லோஜி. ஆராலும் ஒண்டும் செய்திருக்கேலாது."

அவள் நம்பினாள். அழுவதற்கு அந்த வார்த்தை தோதாக இருந்தது.

அன்று மாலை வாமதேவன் சுவரருகே குந்தி, துளியை விரலில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

"தெளிஞ்ச தண்ணிதான். மண்ணைக் கொண்டு வராதமட்டும் பயமில்லை."

"வீட்டுச் சுவரில என்ன மண்?"

அவர் விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். சனிக்கிழமை வாளியில் சீமெந்து குழைத்து, ஈரத்தின் மேல் தடிப்பாகப் பூசினார். சங்கக் கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் விரல் அடையாளங்களைக்கூட மட்டம் செய்யவில்லை.

அதற்குப் பிறகுதான் சத்தம் தொடங்கியது. லண்டன் ரோட்டில் பஸ்கள் பிரேக் பிடிக்கும் முனகலுக்கும், பாயிலர் சூடேறி நிற்கும் சிறு சொடுக்குக்கும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் மங்கிய சிரிப்புக்கும் அடியில், ஈரமான சாக்கு ஒன்றை யாரோ நிறுத்தி நிறுத்தி இழுப்பதுபோல ஒரு ஓசை சுவருக்குள் கேட்டது. அதோடு ஒரு மணமும் வந்தது: வற்றிய குளத்தின் அடிச்சேறு, அழுகிய தாமரைத்தண்டு. லோஜினி யன்னல்களைத் திறந்து வைத்தாள். குளிர்தான் உள்ளே வந்தது, மணம் போகவில்லை.

புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. தம்பியின் படமொன்றைச் சட்டம் போட வேண்டியிருந்தது. குளத்துத் திறப்புவிழாவில் வெள்ளை வேட்டியோடு நின்ற படம். வாமதேவனின் பழைய டேப்லெட்டில் அதைத் தேடியபோது வாட்ஸ்அப் திறந்துகொண்டது. தம்பியின் பெயர். குரல் பதிவுகள், வரிசையாக.

முதலாவதைத் தொட்டாள்.

"அத்தான், கட்டில நினைவுக்கல்லு வைக்கிற இடத்தில ஊற்று கிளம்புது. தண்ணி கலங்கி வருது. உள்ளுக்க மண் கரையுது எண்டு பயமாக் கிடக்கு. மணலும் சல்லிக்கல்லும் போட்டு வடிய விட்டு, குளத்துத் தண்ணியையும் இறக்குவம். நீங்கள் சொன்னால்தான் இஞ்சத்தை ஆக்கள் துருசைத் திறந்து தண்ணியை விடுவினம்."

அடுத்தது கணவரின் குரல். சிரித்த குரல்.

"மச்சான், விழாவுக்குக் குளம் நிரம்பி நிக்கவேணும், டிரோன் விடுறாங்கள். ஊற்றில சீமெந்தைப் பூசிக் கல்லை நட்டு விடு. படத்தில ஈரம் தெரியக்கூடாது. அக்காவுக்குச் சொல்லிப்போடாதை, சும்மா பயப்பிடுவா."

பிறகு தம்பி. "விழா முடிஞ்சுது அத்தான். இப்பவாவது இறக்கட்டோ?"

"கனடாவில இருந்து ஆக்கள் பாக்க வருகினம். ஒரு கிழமை பொறு."

கடைசிப் பதிவு கட்டு உடைந்த நாளுக்குரியது. மழை. மழைக்குள் தம்பியின் மூச்சு.

"கல்லுக்குப் பக்கத்தால திறந்திட்டுது அத்தான். நாங்கள் மூண்டு பேரும் மண் வைச்சுப் பொத்திறம். நிக்குதில்லை. போனை எடுங்கோ."

அதற்குப் பதில் இல்லை. அவள் தொடுமுன்பே பதிவின் மைக் குறி நீலமாக இருந்தது: அவர் அதைக் கேட்டிருந்தார்.

லோஜினி டேப்லெட்டை மடியில் வைத்தபடி இருந்தாள். காலுறை நனைந்தபோதுதான் குனிந்து பார்த்தாள்.

கம்பளத்தில் தண்ணீர். கலங்கிய தண்ணீர்.

பூசிய சீமெந்து நடுவில் பிளந்திருந்தது. பிளவின் வாயில் சேறு நுரைத்தது.

கதவு திறந்தது. வாமதேவன் பையைப் போட்டார், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து மண்டியிட்டு, உள்ளங்கையால் பிளவை அழுத்தினார்.

"வாளியைக் கொண்டு வாரும், லோஜி. கெதியா."

"அவன் உங்களைக் கேட்டவன்."

அவர் திரும்பி டேப்லெட்டைப் பார்த்தார்.

"உடையுமெண்டு நான் நினைக்கேல்லை."

"என்னட்டை மழை எண்டு சொன்னீங்கள்."

அவர் மறுபடி பிளவை அழுத்தினார். கை உள்ளே போனது. மணிக்கட்டு வரை. பிறகு முழங்கை வரை.

ஒற்றைக்கல் சுவர்.

லோஜினி எழுந்து மறுபக்கம் போனாள். மாடிப்படி. காய்ந்த சுவர். மாட்டியிருந்த குடை அசையாமல் தொங்கியது. தடவிப் பார்த்தாள். பெயின்ட் வழுவழுப்பாக, குளிராக இருந்தது.

"லோஜி." அவரது குரல் இப்போது மெலிந்திருந்தது. "இழுத்து விடும். ஆரோ பிடிக்கினம்."

அவள் திரும்பி வந்து அவருக்கு அருகில் மண்டியிட்டாள். கைகளை நீட்டவில்லை. கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிளவுக்குள் பிடித்தாள்.

செங்கல் இல்லை. ஆழம். அவரது கையைச் சுற்றி ஆறு கைகள். ஒரு சோடி பெரியது. ஒரு சோடியில் வளையல். ஒரு சோடி மிகச் சின்னது. அவை கோபமில்லாமல், அவசரமில்லாமல், பிடி பிடியாகக் களிமண் எடுத்து, அவரது முழங்கையைச் சுற்றி வைத்து, அழுத்தி, மட்டம் செய்துகொண்டிருந்தன. இடம் போதாதபோது பெரிய கைகள் அவரைக் கொஞ்சம் உள்ளே இழுத்தன.

தோள் சுவரில் முட்டியது. சின்னக் கைகள் வெளியே வந்து, அவரது கழுத்துக்கு அளவெடுத்தன.